ஹிஸ்டீரியா: வேர்ச்சொல்லும் சில கற்பிதங்களும்

ஹிஸ்டீரியா என்ற சொல்லைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதல் பத்தியிலேயே கிரேக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். கிரேக்க மொழியில் 'ஹிஸ்டெரா' என்றால் கருப்பை. கருப்பை உடம்புக்குள் இடம்விட்டு இடம் அலைவதால் பெண்களுக்கு வருகிற நோய்க்கு ஹிப்போக்ரடீஸ் 'ஹிஸ்டீரியா' என்று பெயர் வைத்தார். இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் அந்தப் பெயர் அப்படியே வழங்கி வந்தது. கடைசியில் ஃப்ராய்ட் வந்து அதைக் கருப்பையிலிருந்து மனசுக்கு மாற்றினார். இதுதான் கதை. மருத்துவப் பாடநூல், உளவியல் அறிமுகம், பெண்ணியக் கட்டுரை எதைப் புரட்டினாலும் கிட்டத்தட்ட இதே வரிசையில் இது வரும். மருத்துவர் இதைத் தன் துறையின் தொன்மைக்குச் சான்றாகச் சொல்வார்; பெண்ணியவாதி ஆணாதிக்கத்தின் தொன்மைக்குச் சான்றாகச் சொல்வார். எதிரெதிர் முகாம்கள் ஒரே கதையைப் பங்குபோட்டுக்கொள்கிறபோதுதான் நமக்குச் சந்தேகம் வரவேண்டும்.

ஹிஸ்டெரா என்றால் கருப்பைதான், அதில் தகராறு இல்லை. ஹிஸ்டெரெக்டமி என்று டாக்டர்கள் சொல்கிறார்களே, அதில் இருப்பதும் இதே ஹிஸ்டெராதான். தகராறு மீதிக் கதையில் இருக்கிறது.

அதற்கு முன்னால் சொற்பிறப்பியல் பற்றி ஒரு வார்த்தை. 'எட்டிமாலஜி' என்கிற ஆங்கிலச் சொல்லின் வேர் 'எட்யுமோஸ்'. 'மெய்யான' என்று பொருள். ஒரு சொல்லின் பிறப்பைக் கண்டுபிடித்துவிட்டால் அதன் மெய்யைக் கண்டுபிடித்துவிட்டதாக ஆகிறது என்ற நம்பிக்கை அந்தத் துறையின் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. நாமும் சும்மா இல்லை. சொல்லுக்குப் 'பிறப்பு' என்கிறோம், 'வேர்' என்கிறோம். வேர் தெரிந்தால் மரம் தெரிந்தது. சொற்களுக்கும் ஒரு கருப்பை உண்டு, அங்கேதான் உண்மை இருக்கிறது என்கிற பாவனை இது. சாதாரணச் சொற்களில் இந்தப் பாவனையால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஒரு நோயின் பெயரில், அதுவும் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிச் சொல்வதை நம்பலாமா கூடாதா என்று தீர்மானிக்கிற பெயரில், நஷ்டம் உண்டு.

ஹிப்போக்ரடீஸ் பெயரில் வழங்கும் நூல்கள் ஒரு ஆள் எழுதியவை அல்ல. நம்மூரில் அகத்தியர் பெயரில் வழங்குகிற வைத்திய நூல்கள் மாதிரி, பல கைகள் எழுதிய தொகுதி. பெரும்பகுதி கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. அதில் பெண்களின் நோய்கள் பற்றிய நூல்கள் இருக்கின்றன. கருப்பை நகர்வதாக அவை சொல்வதும் உண்மை. உடலுறவு இல்லாத பெண்ணுக்கு, அல்லது வேலை செய்து களைத்து உடம்பு வற்றிப்போன பெண்ணுக்கு, கருப்பை வறண்டு லேசாகிவிடும். ஈரத்தைத் தேடி மேலே கிளம்பி ஈரல்மேல் போய் மோதும். மூச்சடைக்கும், கண் வெள்ளையாகும், பல் கிட்டிக்கும், உடம்பு சில்லிட்டுப்போகும். வைத்தியம் என்ன? மூக்கில் நாற்றம் பிடித்த பொருளைக் காட்ட வேண்டும், கீழே வாசனைப் புகை போட வேண்டும். நாற்றத்துக்குப் பயந்து வாசனைக்கு ஆசைப்பட்டுக் கருப்பை இறங்கி வந்துவிடும்.

ஆனால் இந்த நிலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹிஸ்டீரியா' இல்லை. 'ப்னிக்ஸ்' என்றார்கள், மூச்சடைப்பு என்று அர்த்தம். 'ஹிஸ்டீரியா' என்ற பெயர்ச்சொல் அந்தத் தொகுதி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. 'ஹிஸ்டெரிகா' என்ற பெயரடை வடிவம் கிடைக்கும். 'கருப்பை சார்ந்தவை' என்பதற்கு மேல் அதற்குத் தனி அர்த்தம் கிடையாது. இன்னொன்று: கருப்பை ஈரலுக்குப் போனால் ஒரு விதம், இதயத்துக்குப் போனால் ஒரு விதம், தலைக்கு ஏறினால், இடுப்புக்கு நகர்ந்தால் வேறு வேறு விதம் என்று அறிகுறியும் மருந்தும் தனித்தனியாகச் சொல்லப்படுகின்றன. அதாவது அங்கே இருப்பது ஒரு நோயல்ல, பல கோளாறுகள். இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டி மேலே ஒரு பெயரை எழுதி ஒட்டிய வேலை பிற்பாடு நடந்தது.

தொகுதியில் உள்ள ஒரு சூத்திரம், ஹிஸ்டெரிகாவால் அவதிப்படுகிற பெண்ணுக்கோ, பிரசவம் சிக்கலாகிக் கிடக்கிற பெண்ணுக்கோ தும்மல் வந்தால் நல்லது என்கிற மாதிரி ஓடுகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இதற்கு உரை எழுத வந்த கேலனுக்கே இந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று தெளிவில்லை. கருப்பையின் எல்லா நோயுமா, மூச்சடைப்பு மட்டுமா, அல்லது பிரசவத்துக்குப் பின் வெளியே வராமல் தங்கிப்போகிற நஞ்சுக்கொடியா என்று விவாதிக்கிறார். கிரேக்கத்தில் 'ஹிஸ்டெரா' என்கிற அதே உருவம் 'பின்னால் வருபவை' என்ற பொருளில் நஞ்சுக்கொடியையும் குறிக்கும். வேறொரு சூத்திரம் அதை வெளியேற்றத் தும்மல் வரவழைக்கச் சொல்கிறது. உரையாசிரியர்களோடு பழகிய தமிழ் வாசகருக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. அறுநூறு வருஷத்துக்குள்ளேயே பொருள் மங்கிப்போன ஒரு பெயரடை இது. அதைத்தான் நாம் ஒரு நோயின் பிறப்புச் சான்றிதழாக நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

பழைய காலத்தவர் எல்லோரும் அலைகிற கருப்பையை நம்பினார்கள் என்பதும் சரியல்ல. அதே 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் தொழில் செய்த சொரானுஸ், கருப்பை ஒன்றும் குகையை விட்டுக் கிளம்புகிற மிருகமல்ல என்று மறுத்தார். நாற்ற வைத்தியத்தையும் கண்டித்தார். கேலனும் கருப்பை ஊர்சுற்றுகிறது என்பதை ஏற்கவில்லை. மிருக உவமையை இலக்கியப் புகழுக்குக் கொண்டுபோனது மருத்துவர் அல்ல, தத்துவவாதி. பிளேட்டோவின் 'திமேயுஸ்' உரையாடலின் கடைசிப் பகுதியில் கருப்பை, பிள்ளை பெறும் ஆசை கொண்ட ஓர் உயிர்; காலம் கடந்தும் ஆசை நிறைவேறாவிட்டால் கோபித்துக்கொண்டு உடம்பெங்கும் அலையும். இதை மேற்கோள் காட்டாத ஹிஸ்டீரியாப் புத்தகம் இல்லை. ஆனால் இதற்கு ஒரு வரி முன்னால் பிளேட்டோ ஆண்குறியைப் பற்றியும் இதையேதான் சொல்கிறார். அதுவும் சொல்பேச்சுக் கேட்காத, அறிவுக்கு அடங்காத ஒரு மிருகம். அந்த வரியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. அந்த மிருகத்தின் பெயரால் இத்தனை நூற்றாண்டு நீடித்த ஒரு நோயும் உண்டாகவில்லை.

சரி, ஹிப்போக்ரடீஸ் வைக்காத பெயரை அவர் தலையில் கட்டியது யார்? இந்தக் கேள்வியைச் செம்மையாகப் பின்தொடர்ந்தவர் ஹெலன் கிங் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர். 1993இல் வந்த 'ஃப்ராய்டுக்கு அப்பால் ஹிஸ்டீரியா' என்ற தொகுப்பில் அவருடைய நீண்ட கட்டுரை இருக்கிறது. அவர் கை காட்டுவது எமில் லித்ரேயை. பிரெஞ்சு மொழியின் பேரகராதியைத் தொகுத்த அதே லித்ரே. 1839க்கும் 1861க்கும் இடையில் ஹிப்போக்ரடீஸ் தொகுதி முழுவதையும் பத்துப் பாகங்களில் பதிப்பித்து மொழிபெயர்த்தவர். சும்மா சொல்லக்கூடாது, அசுர உழைப்பு. இன்றைக்கும் அறிஞர்கள் அவருடைய பாக எண், பக்க எண்ணைக் கொடுத்துத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் லித்ரே மருத்துவம் படித்தவர், பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். அவர் காலத்தில் பிரான்சில் ஹிஸ்டீரியா என்பது எல்லா டாக்டருக்கும் தெரிந்த நோய். மூல ஏட்டில் தலைப்பில்லாமல் ஓடுகிற பத்திகளுக்கு அவர் தலைப்புக் கொடுத்தார். மூச்சடைப்பு பற்றிய பத்திகளின் தலையில் 'ஹிஸ்டீரியா' என்று எழுதினார். சில இடங்களில் கருப்பை உண்மையிலேயே சரிவதையும், 'கற்பனையாக' நகர்வதையும் பிரித்து, இரண்டாவதை ஹிஸ்டீரியா ஆக்கினார். மூலத்தை எழுதியவர்களுக்கு அந்தப் பிரிவினையே கிடையாது.

சங்கப் பாடல்களுக்குக் கீழே பின்னால் வந்தவர்கள் எழுதிச் சேர்த்த கூற்றுக் குறிப்பு, பாடலை வாசிப்பதற்கு முன்பே 'இது தலைவி சொன்னது' என்று நம் கையைப் பிடித்துக்கொள்கிறதே, அப்படித்தான் இதுவும். குறிப்பை உரித்துவிட்டுப் பாடலைப் படித்தால் வேறு பாடல் கிடைக்கும். லித்ரேயின் தலைப்பை உரித்துவிட்டு ஹிப்போக்ரடீஸைப் படித்தால் ஹிஸ்டீரியா காணாமல் போகிறது. ஆனால் யார் உரித்தார்கள்? 1965இல் இல்ஸா வீத் எழுதிய 'ஹிஸ்டீரியா: ஒரு நோயின் வரலாறு' பல பத்தாண்டுகளாக எல்லோரும் கைக்கு எடுக்கிற நூலாக இருந்தது. கிரேக்கரிலிருந்து ஃப்ராய்ட் வரை ஒரே நோயின் அறுபடாத வம்சாவளியை அந்த நூல் சொன்னது. மொழிபெயர்ப்பாளன் தலைப்பில் எழுதியதை வரலாற்றாசிரியர் எடுத்தாண்டார். அவரிடமிருந்து மருத்துவர் எடுத்தார். மருத்துவரைக் கண்டிப்பதற்காகப் பெண்ணியவாதியும் எடுத்தார். ஒவ்வொருவரும் முந்தையவரை மேற்கோள் காட்ட, சான்று பெருகிக்கொண்டே போனது.

பூக்கோ பெயரைச் சொல்லாமல் இப்படிப்பட்ட பக்கங்களில் ஒரு கட்டுரை முடியாது போலிருக்கிறது, அதனால் சொல்லிவிடுகிறேன். 1976இல் வெளிவந்த பாலியல் வரலாற்றின் முதல் பாகத்தில் அவர் காட்டும் நான்கு உத்திகளில் ஒன்று பெண் உடலை ஹிஸ்டீரியாப்படுத்துதல். அதை அவர் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து தொடங்குகிறார், கிரேக்கத்திலிருந்து அல்ல. அந்த அளவில் அவர் சரி. ஆனால் அந்த உத்திக்கு ஒரு புராதன வேர் தேவைப்பட்டது. அந்த வேரைச் செய்துகொடுத்தது கிளினிக் அல்ல, மொழிநூலறிஞனின் மேசை. சொல்லாடல் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் மொழிபெயர்ப்பு மேசையை ஏனோ எட்டிப் பார்ப்பதில்லை.

ஆங்கிலத்துக்கு வருவோம். அங்கே இந்த நோய்க்கு நெடுங்காலம் இருந்த வீட்டுப் பெயர் 'அம்மா'. கருப்பைக்கு 'மதர்' என்றே பேச்சில் பெயர். 'அம்மா எழும்புகிறாள்' என்றால் அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பித் தொண்டையை அடைக்கிறது என்று அர்த்தம். 1602இல் லண்டனில் மேரி குளோவர் என்ற 14 வயதுப் பெண்ணுக்கு வலிப்பும் குரலடைப்பும் வந்தன. எலிசபெத் ஜாக்சன் என்ற கிழவி பில்லிசூனியம் வைத்துவிட்டாள் என்று வழக்கு. எட்வர்ட் ஜார்டன் என்ற மருத்துவர் சாட்சிக் கூண்டில் ஏறி, இது சூனியமல்ல, இயற்கையான நோய் என்று வாதாடினார். நீதிபதி ஆண்டர்சன் ஒப்புக்கொள்ளவில்லை, கிழவி தண்டிக்கப்பட்டாள். அடுத்த வருஷம் ஜார்டன் 'அம்மாவின் மூச்சடைப்பு' பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். இந்த நோய் பற்றி ஆங்கிலத்தில் வந்த முதல் நூல் இதுதான் என்பார்கள். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கருப்பையைக் காரணம் காட்டியது இந்த வழக்கில் ஒரு பெண்ணைத் தண்டனையிலிருந்து காப்பாற்றுவதற்காக. இன்னொரு பெண்ணின் உடம்பு அதற்கு விலையாயிற்று. இந்தச் சொல்லை வெறும் ஒடுக்குமுறைக் கருவி என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட முடியாததற்கு இது ஒரு காரணம்.

ஷேக்ஸ்பியரின் லியர் அரசனும் தன் நெஞ்சுக்குள் 'அம்மா' எழும்புவதாகப் புலம்புகிறான். ஒரு ஆண், அதுவும் கிழவன். அவன் சொல்கிற இலத்தீன் பெயர் 1608, 1623 அச்சுகளில் எழுத்து மாறி 'ஹிஸ்டாரிக்கா' என்று விழுந்துவிட்டது. கருப்பை நோய் சரித்திர நோயாகிவிட்டது! அச்சுப்பிழைகளோடு வாழ்கிற சிற்றிதழ்க்காரர்களுக்கு இது ஆறுதல். 1682இல் தாமஸ் சிடென்ஹாம் இது ஆண்களுக்கும் வருகிறது, குறிப்பாகப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்தே இருக்கிறவர்களுக்கு என்று எழுதினார். அவருக்குச் சற்று முன்பே தாமஸ் வில்லிஸ் நோயின் இருப்பிடத்தை மூளைக்கும் நரம்புக்கும் மாற்றிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், கருப்பைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் சொல்லத் தொடங்கிய பிறகுதான் 'ஹிஸ்டீரியா' என்ற பெயர்ச்சொல் நிலைபெறுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இலத்தீன் நோய்ப் பட்டியல்களில் அது உட்கார்கிறது. ஆங்கிலத்தில் தாராளமாகப் புழங்குவது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். உறுப்பு போன பிறகு பெயர் வந்தது.

பாரிஸின் சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் ஷார்க்கோ இதை நரம்பு மண்டல நோயாக நிறுவினார். ரயில் விபத்தில், பட்டறையில் அடிபட்ட தொழிலாளிகளிடமும் ஹிஸ்டீரியாவைக் காட்டினார். ஆனால் பெண் நோயாளிக்கு வலிப்பு வந்தால் நிறுத்துவதற்கு அவர் அழுத்தச் சொன்ன இடம் சூலகம். வாய் நரம்பு என்றது, கை பழைய இடத்துக்கே போனது. அவருடைய வகுப்புகளில் காட்சிப் பொருளாக நின்ற பெண்களின் புகைப்படங்கள் 1876 முதல் தொகுதிகளாக வெளிவந்தன. அதில் அதிகம் படமெடுக்கப்பட்ட அகஸ்தின் என்ற பெண் 1880இல் ஆண் வேஷம் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து தப்பிப் போனாள். 1928இல் அரகோனும் பிரெத்தோனும் அவளுடைய படங்களைத் தங்கள் பத்திரிகையில் போட்டு ஹிஸ்டீரியாவின் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடினார்கள். கவிதைக்குக் கிடைத்த மாபெரும் கண்டுபிடிப்பு என்றார்கள். கண்டுபிடிப்பாக இருந்தவளுக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்பதைக் கவிஞர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

ஷார்க்கோவிடம் சில மாதம் பயின்று வியன்னாவுக்குத் திரும்பிய ஃப்ராய்ட் 1886 அக்டோபரில் மருத்துவர் சங்கத்தில் ஆண் ஹிஸ்டீரியா பற்றிப் பேசினார். பிற்பாடு தன்வரலாற்றில் இதை நினைவுகூர்கிறார். ஒரு வயதான அறுவை மருத்துவர், 'ஹிஸ்டெரான்' என்றால் கருப்பை ஆயிற்றே, ஆணுக்கு எப்படி ஹிஸ்டீரியா வரும் என்று சீறினாராம். எதிரே நோயாளியைப் பற்றிய பேச்சு நடக்கிறது. பெரியவர் அகராதியைக் காட்டி நோயாளியை இல்லை என்கிறார். வேர்ச்சொல்லின் அதிகாரத்துக்கு இதைவிடத் துல்லியமான காட்சி கிடைக்காது. அதிலும் அவர் சொன்ன வேர் தப்பு. கருப்பை 'ஹிஸ்டெரா', 'ஹிஸ்டெரான்' என்றால் 'பிந்தியது'. ஃப்ராய்ட் அந்தச் சொல்லை அப்படியே எழுதி, பக்கத்தில் 'மூலத்தில் உள்ளபடி' என்ற அடையாளத்தைப் போட்டுவைத்தார். நாற்பது வருஷம் ஆறாத கோபம்.

வேரை இன்னும் கீழே தோண்டினால் நமக்குப் பழக்கமான ஒன்று தட்டுப்படும். ஹிஸ்டெராவை வடமொழி 'உதர'த்தோடு இணைக்கிற மொழிநூலார் உண்டு; ஒலிவிதிகள் முழுசாக ஒத்துப்போகவில்லை என்றாலும் உறவு இருக்கிறது என்பது பலர் கருத்து. உதரம் தமிழிலும் வயிறுதான். 'சகோதரன்' என்பதன் உள்ளே இருப்பதும் அதே உதரம்: ஒரே வயிற்றில் பிறந்தவன். கிரேக்கரும் சகோதரனுக்குக் கருப்பையை வைத்துத்தான் பெயரிட்டார்கள், ஆனால் அதற்கு அவர்கள் எடுத்தது கருப்பைக்கான வேறொரு சொல்லை. கருப்பையிலிருந்து நோயும் பிறக்கலாம், சகோதரத்துவமும் பிறக்கலாம். எது பிறக்கும் என்பதை வேர் சொல்லாது. தமிழில் இந்த நோயைச் சிலர் 'இசிவு நோய்' என்று எழுதினார்கள். இழுத்துக்கொள்வதை மட்டும் சொல்லிவிட்டு உறுப்பைத் தொடாமல் விட்ட நல்ல சொல். பேச்சில் ஜெயித்ததென்னவோ ஹிஸ்டீரியாதான்.

முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் அடிபடாமலே ஊமையானார்கள், நடுங்கினார்கள், நடக்க முடியாமல் போனார்கள். 1915இல் சார்லஸ் மையர்ஸ் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை 'ஷெல் ஷாக்' என்ற பெயரைப் பரப்பியது. குண்டு என்பது ஆண்மைக்குக் குறைவில்லாத காரணம் அல்லவா? எலைன் ஷோவால்டர் 1985இல் வெளியிட்ட 'பெண் பிணி' என்ற நூலில் இந்தப் பெயர் மாற்றத்தை விரிவாகப் பேசுகிறார். இதற்குள்ளும் ஒரு படிநிலை இருந்தது. அதிகாரிகளுக்கு நரம்புத் தளர்ச்சி என்று எழுதுகிற கை சாதாரணச் சிப்பாய்க்கு ஹிஸ்டீரியா என்று எழுதியது. லூயிஸ் யீலண்ட் 1918இல் எழுதிய நூலில் பேச்சிழந்த சிப்பாய்களுக்கு மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்த கதைகள் இருக்கின்றன. பெண்ணுக்கென்று வைத்திருந்த பெயர் வர்க்கத்தில் கீழிருந்த ஆணுக்கும் பொருந்திவிட்டது.

இந்தப் பெயரால் உயிருக்கு என்ன ஆயிற்று? 1965இல் எலியட் ஸ்லேட்டர், லண்டன் குவீன் ஸ்கொயர் நரம்பியல் ஆஸ்பத்திரியில் ஹிஸ்டீரியா என்று எழுதி அனுப்பப்பட்ட 85 பேரைச் சுமார் ஒன்பது வருஷம் கழித்துத் தேடிப் பார்த்தார். கணிசமானவர்களுக்கு உடல்சார்ந்த நோய் இருந்தது தெரியவந்தது. சிலர் இறந்தும் போயிருந்தார்கள். நோயைக் கண்டுபிடிக்க முடியாத டாக்டரின் அறியாமைக்கு ஒரு போர்வை இந்தப் பெயர் என்பது அவர் முடிவு. நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2005இல் ஜான் ஸ்டோனும் கூட்டாளிகளும் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, இப்படித் தவறாகக் கணித்தது 1950களில் 29 சதவீதமாகவும், 1960களில் 17 ஆகவும், 1970களிலிருந்து 4 ஆகவும் இருந்தது. அதாவது, பெரும்பாலோருக்கு இது ஒளிந்திருந்த வேறு நோயும் இல்லை, நடிப்பும் இல்லை. காலை அசைக்க முடியவில்லை என்பது நிஜம். அதைக் குறிக்க ஒரு பெயர் வேண்டியிருக்கிறது என்பதும் நிஜம்.

1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் ஹிஸ்டீரியாவை எடுத்துவிட்டது. அதைத் துண்டு துண்டாக்கி வேறு பெயர்களில் பங்கிட்டார்கள். கை கால் விழுந்துபோவது, குரல் போவது போன்றவை 'மாற்றக் கோளாறு' ஆயின. இப்போது 'செயல்பாட்டு நரம்பியல் அறிகுறிக் கோளாறு' என்கிறார்கள். உறுப்பும் இல்லை, பாலினமும் இல்லை. இந்த அளவுக்கு நல்ல பெயர்தான். ஆனால் பழைய 'ஹிஸ்டீரிய ஆளுமை'க்கு அதே 1980இல் கொடுத்த புதுப் பெயர் 'ஹிஸ்ட்ரியானிக்'. காதுக்கு ஒரே குடும்பம் மாதிரி இருக்கிறது, இல்லை. இது இலத்தீன் 'ஹிஸ்ட்ரியோ'விலிருந்து வந்தது. நடிகன் என்று பொருள். எட்ருஸ்கர்களிடமிருந்து வந்த சொல் என்று லிவி எழுதியிருக்கிறார். கருப்பையை நீக்கிவிட்டு அந்த இடத்தில், ஒலி கெடாமல், கூத்தாடியை உட்காரவைத்தார்கள். முன்பு உன் உறுப்பு உன்னை ஆட்டுகிறது என்று சொன்னவர்கள் இப்போது நீயே ஆடுகிறாய் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில், 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில், இந்தத் தனிப்பெயர் இல்லை. அமெரிக்கக் கையேட்டின் 2022 திருத்தத்தில் இருக்கிறது. அங்கே அதற்குச் சொல்லியிருக்கிற முதல் அடையாளம், எல்லோருடைய கவனமும் தன்மேல் இல்லாவிட்டால் அந்த ஆளுக்கு இருப்புக்கொள்ளாது என்பது.